புர்கார்ட் குடிக்காத ஒயின்

புர்கார்ட் ஹெம்மரிஹ் புது ஒயினைத் தொடமாட்டார். எங்கள் ஓபர்ஹெல்டனில் இது ஊரறிந்த விஷயம். மைன் ஆறு வளைகிற இடத்தில், சுண்ணாம்புக்கல் சரிவில் சில்வானர் திராட்சை போட்டு, அதைப் பிழிந்து வெள்ளை ஒயின் பண்ணிப் பிழைக்கிற ஊர் இது. மார்ச் பிறந்தால் பாதிரியார் முதல் முடிவெட்டுகிற ஓட்மார் வரைக்கும் எல்லாருக்கும் கால் நிற்காது. யார் வீட்டில் எப்படி வந்திருக்கிறது என்று வீடு வீடாக ஏறி நாக்கை நனைத்துப் பார்ப்பார்கள். புர்கார்ட் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

“நேத்துப் பொறந்த குழந்தைகிட்ட போய் என்னய்யா பேசறது? ஏழு வருஷம் போகட்டும். அப்புறம் பேசிக்கலாம்” என்பார்.

“ஏழு வருஷத்துல நான் இருக்கேனோ இல்லையோ!” என்பான் ஓட்மார்.

“நீ இல்லன்னா உன் பங்கையும் நானே குடிச்சுடறேன். நீ ஏன் கவலைப்படற?”

இந்த ஏழு வருஷக் கணக்கு சும்மா வந்ததில்லை. சண்டை முடிகிற நேரத்தில், 1945 வசந்தத்தில், அவருடைய அப்பா நிலவறைச் சுவரில் ஒரு மாடம் வெட்டி, நாற்பது பாட்டிலை உள்ளே வைத்துப் பூசி மூடிவிட்டுப் பட்டாளத்துக்குப் போனார். போனவர் வரவில்லை. அந்நியப் பட்டாளம் வந்து வீட்டிலிருந்த மிச்ச ஒயினையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டுப் போயிற்று. புர்கார்டுக்கு அப்போது பதினைந்து வயது. மாடத்தைப் பற்றி அவருக்கும் அவர் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டில் உருளைக்கிழங்குக்கே வழியில்லாத நாட்களிலும் அந்தப் பூச்சை உடைக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, ரோஸ்வித்தாவைக் கைப்பிடித்த அன்று காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே போனார். அன்றைக்கு அந்த ஒயினைக் குடித்தவர்கள் சாகிற வரைக்கும் அதைப் பற்றிப் பேசினார்கள். செத்துப்போன அப்பாவே வந்து பந்தியில் உட்கார்ந்தமாதிரி இருந்தது என்று புர்கார்ட் சொல்வார்.

அதற்கப்புறம் ஒரு குழந்தைக்காகப் பதினேழு வருஷம் காத்திருந்தார்கள். டாக்டர் கைவிரித்து, கோயில் கோயிலாக மெழுகுவத்தி ஏற்றி ஓய்ந்தபிறகு எல்கே பிறந்தாள். இப்படி ஒரு மனிதருக்கு, காத்திருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று எண்ணம் விழுந்துவிட்டால் அவரை யார் என்ன சொல்லித் திருத்துவது?

எதையும் எடுத்து வைப்பார். பூப்போட்ட நல்ல தட்டுகள் அலமாரியிலேயே இருக்கும். விரிசல் விட்டதில்தான் சாப்பாடு. எழுபத்து நான்கில் ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டு வாங்கினார். நல்ல நாளுக்கு ஆகும் என்று துணியுறை போட்டுத் தொங்கவிட்டார். இருபது வருஷத்தில் இரண்டு தடவை போட்டிருப்பார். “ஏங்க, உங்க கோட்டுதான் உங்களை வழியனுப்ப வரப்போகுது” என்று ரோஸ்வித்தா சிரிப்பாள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். நல்ல பொருள் அவசரப்படாது என்பார்.

வருஷத்தில் சில வாரங்கள் எங்கள் ஊரில் ஒயின் பண்ணுகிற வீடுகள் முற்றத்தைத் திறந்து மேசை போடும். வாசலில் ஒரு பச்சைக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். சொந்த ஒயின், வீட்டுச் சமையல், அவ்வளவுதான். ஹெம்மரிஹ் வீட்டு முற்றம் மே மாதத்தில் திறக்கும், ஆஸ்பராகஸ் காலத்தில். மண்ணை அணைத்து, வெயில் படாமல் வளர்த்து, வெள்ளை வெளேரென்று வெட்டி எடுக்கிற தண்டு அது. ரோஸ்வித்தா அதைத் தோல் சீவி, தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஒரு துண்டு வெண்ணெயும் போட்டு வேகவைத்து, உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றி, குட்டி உருளைக்கிழங்கும் வேகவைத்த பன்றித்தொடை இறைச்சியும் பக்கத்தில் வைத்துக் கொடுப்பாள். ஆற்றில் பிடித்த சுண்டுவிரல் நீளப் பொடிமீனை மாவில் பிரட்டித் தலையோடு பொரிப்பாள். வினிகரும் வெங்காயமும் போட்ட தண்ணீரில் வெந்த சாசேஜ் ஒரு பக்கம். வெளியூரிலிருந்தெல்லாம் சைக்கிளில் வருவார்கள். சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தன் ஒயினுக்கு வருகிறார்கள் என்று புர்கார்ட் நினைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், அவருடைய ஒயின் கனம். பழம் கனிந்து கனிந்து, அக்டோபர் கடைசியில் பறித்து, தாத்தா காலத்து மரப்பீப்பாயில் போட்டு எடுப்பது. பன்றி வறுவலுக்கு அது பொருந்தும். ஆஸ்பராகஸ் பக்கத்தில் வைத்தால் பாவம், தண்டு வாய் திறக்காது. ரோஸ்வித்தாவுக்கு இது தெரியும். இருபது வருஷம் அவள் மூச்சுவிடவில்லை.

முற்றம் திறக்கிற நாளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெரியவர் வாசலில் கொத்துக்கு அடியில் நின்று, அந்த வருஷத்து ஒயினில் முதல் கிளாஸைக் குடித்துவிட்டு, “சரியா இருக்கு” என்று சொல்லவேண்டும். அதற்கப்புறம்தான் விருந்தாளிகள் கிளாஸைத் தூக்குவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்குமேல் பாராட்டத் தெரியாது. கல்யாணப் பெண்ணைப் பார்த்தாலும் “சரியா இருக்கு”தான், பேரன் பிறந்தாலும் அதேதான். ஆனால் பொய்யாக மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். சரியில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார்கள். புர்கார்ட் மட்டும் கமுக்கமாக ஏழு வருஷத்துப் பழசை ஊற்றிக் குடித்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்வார். ஊரும் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டது.

எல்கே ஒயின் பள்ளியில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்தாள். வந்ததும் சரிவின் மேல்மூலையில் ஒரே ஒரு துண்டு நிலத்தையும், எஃகுத் தொட்டி ஒன்று வைக்க இடத்தையும் கேட்டாள். ரோஸ்வித்தா பரிந்து பேசி வாங்கிக் கொடுத்தாள். தொண்ணூற்று நான்கு செப்டம்பரில், ஊரில் ஒருத்தரும் கத்தரிக்கோலைக்கூடத் தீட்டாதபோது, அவள் பறிக்க இறங்கிவிட்டாள்.

“ஏண்டி, உனக்குக் கண்ணு தெரியலையா? இன்னும் நாலு வாரம் கெடக்கு!”

“தெரிஞ்சுதான்ப்பா பறிக்கறேன். புளிப்பு இருக்கும்போதே வேணும் எனக்கு.”

“புளிப்பு வேணும்னா எலுமிச்சம்பழம் வாங்கிக்கோ. என் கொடியை விட்டுடு.”

“இது இப்ப என் கொடி. நீங்கதான் குடுத்தீங்க” என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தத் தொட்டிப் பக்கமே அவர் போகவில்லை. குளிர்விக்கிற யந்திரம் முனகுகிற சத்தம் கேட்டால் தலையை ஆட்டிக்கொள்வார். ஏப்ரலில் எல்கே பாட்டிலில் அடைத்தாள். மே முதல் ஞாயிற்றுக்கிழமை முற்றம் திறந்தது.

அன்றைக்கு எல்கே முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். காலையிலிருந்து மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண், வேறு எதையும் கேட்கவில்லை. அப்பா கொத்துக்கு அடியில் நின்று தன் ஒயினில் ஒரு வாய் குடிக்கவேண்டும், அந்த இரண்டு சொல்லைச் சொல்லவேண்டும். ஊருக்கே அது தெரிந்திருந்தது. முற்றம் நிறைந்து வழிந்தது.

அவளே கிளாஸைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். தண்ணீர்போல இருந்தது, உற்றுப் பார்த்தால்தான் விளிம்பில் ஒரு பச்சை. புர்கார்ட் அதை மூக்குக்குக் கொண்டுபோனார்.

பச்சை ஆப்பிளைக் கடித்த உடனே வருகிற வாசனை. அதற்கடியில் இன்னொன்று: மழை விட்டதும் சரிவுக் கல்லிலிருந்து கிளம்புகிற வாசனை. நாற்பது வருஷம் அந்தக் கல்லின்மேல் முட்டி தேய உழைத்தவர். அவர் பண்ணிய ஒரு பாட்டிலில்கூட அந்த வாசனை இருந்ததில்லை. என் மகள் இதைப் பண்ணியிருக்கிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது. நான் பண்ணவில்லையே என்று அடுத்த நொடியே வயிறும் எரிந்தது. இப்படி ஒன்றை நின்ற இடத்தில் குடித்துத் தீர்ப்பதா? அப்பா மாடத்தில் வைத்ததுபோல் வைக்கவேண்டாமா? அவர் நினைத்தது இதுதான். வாயில் வந்தது வேறு.

“இது ஏழு வருஷம் இருக்கட்டும். அப்புறம் குடிக்கிறேன்” என்றார். கிளாஸை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டார்.

“எல்கே, நீ கவலைப்படாதேம்மா!” என்று ஓட்மார்தான் கத்தினான். “அதுக்குள்ள உங்கப்பாவுக்குப் பல்லெல்லாம் போயிடும். புளிப்பு தெரியாது!”

முற்றம் கொல்லென்று சிரித்தது. எல்கே சிரிக்கவில்லை. அந்தக் கிளாஸை எடுத்தாள், வாசல் கல்லில் கவிழ்த்தாள், உள்ளே போய் விருந்தாளிகளுக்கு ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்குத்தான் அந்த வீட்டு ஆஸ்பராகஸ் வாய் திறந்து பேசியது. பொடிமீனைக் கடித்து ஒரு மடக்குக் குடித்தவர்கள் இன்னொரு தட்டு கேட்டார்கள். ரோஸ்வித்தா அடுப்படியில் நின்றபடியே மூன்று கிளாஸ் குடித்தாள். எல்கேயின் ஒயின் பதினெட்டே நாளில் தீர்ந்துபோயிற்று.

தீர்ந்தது, பன்னிரண்டு பாட்டில் தவிர. அதை அந்த முதல் நாள் சாயங்காலமே புர்கார்ட் தன் கையால் சுமந்துபோய், அப்பாவின் மாடத்தில் படுக்க வைத்துவிட்டார். மேலே சாக்கட்டியால் எழுதினார்: ‘எல்கே. 2002 மே வரை தொடாதே.’ திரும்பினால் ரோஸ்வித்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“மேல அந்தப் பொண்ணு அழுதுகிட்டு இருக்கு. நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“எங்கப்பா இடத்துல வெச்சிருக்கேன், பாரு. இதைவிட என்ன மரியாதை பண்ணணுங்கற?”

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட போய்ச் சொல்லுங்க.”

“ஏழாம் வருஷம் அவளே பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். நீயும் சொல்லக்கூடாது.”

“நான் சொல்லமாட்டேன்” என்றாள் ரோஸ்வித்தா. “நான் சொன்னா அது என் வார்த்தைதான். அவளுக்கு உங்க வார்த்தை வேணும். வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?”

அவர் வாயைத் திறக்கவில்லை. ஆகஸ்டில் எல்கே பெட்டியைக் கட்டினாள். நாலு மணி நேரப் பயணத்தில், நாஹே ஆற்றங்கரையில் ஒரு பெரிய தோட்டத்தில் வேலை. காரில் ஏறுவதற்குமுன் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒரு வாய் குடிச்சிருக்கலாம்ப்பா.”

“ஏழு வருஷம்னு சொன்னேன்ல?”

“அது அப்படிப்பட்ட ஒயின் இல்லப்பா. இந்த வருஷத்துக்குள்ள குடிக்கணும்னுதான் பண்ணினேன். வெச்சிருந்தா நிக்காது.”

“நல்ல பொருள் எல்லாம் நிக்கும்” என்றார் புர்கார்ட். அவரைப் பொறுத்தவரை அவளைப் பாராட்டித்தான் சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அங்கேயே ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், அம்மாவுக்கு எடுபிடி செய்வாள், நன்றாகத்தான் பேசுவாள். ஒயின் பேச்சை மட்டும் எடுக்கமாட்டாள். சாப்பிட உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைப்பாள். ஒயின்காரர் வீட்டுப் பந்தியில் பீர்! அதைவிட அப்பன் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம். புர்கார்ட் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸும் போனபிறகு நிலவறைக்குப் போய், பன்னிரண்டு பாட்டிலையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். இன்னும் ஐந்து, இன்னும் நான்கு, இன்னும் மூன்று.

ஆறாவது குளிர்காலத்தில் ரோஸ்வித்தா படுத்துவிட்டாள். வயிற்றில் ஒன்றும் நிற்கவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம், ஜன்னல் வழியாகப் பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“ஏங்க, எல்கே பண்ணினாளே, அதுல ஒண்ணு திறங்களேன். ஒரு வாய் குடிக்கணும்போல இருக்கு.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் ஒரே ஒரு வருஷந்தான் ரோஸி. அடுத்த வருஷம் மே மாசம் அவ வருவா. மூணு பேரும் சேர்ந்து திறப்போம். நீதான் ஆஸ்பராகஸ் வேகவைக்கணும்.”

“சரி” என்றாள். சண்டைபோடத் தெம்பில்லை அவளுக்கு. பதினோரு நாளில் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சாவுக்கு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று எடுத்தவர், கை நுழைக்க மனம் வராமல் திரும்பத் தொங்கவிட்டுவிட்டுப் பழைய கோட்டிலேயே போனார்.

இரண்டாயிரத்து இரண்டு ஏப்ரலில் மகளுக்குப் போன் பண்ணினார். “மே முதல் ஞாயிறு வா. ஆஸ்பராகஸ் சாப்பிடலாம்.”

“முற்றம் திறக்கறீங்களா?”

“உங்கம்மா இல்லாம எங்கேயிருந்து திறக்கறது? நமக்கு மட்டுந்தான்.”

அன்றைக்கு விடிந்ததிலிருந்து அந்த மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பூப்போட்ட தட்டுகளை இறக்கிக் கழுவினார். அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மே வெயிலில் வியர்த்து ஊற்றியது, கழற்றவில்லை. கொத்தைக்கூட வாசலில் கட்டிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு ஓட்மார் உள்ளே எட்டிப்பார்த்தான்.

“என்னப்பா, கடை திறந்தாச்சா?”

“இன்னிக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான். நீ போ.”

ஓட்மார் கோட்டைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். கேலி ஒன்றும் வரவில்லை அவனுக்கு, தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

எல்கே தனியாகத்தான் வந்தாள். அடுப்படியில் அவர் தண்டைத் தலைகீழாகப் பிடித்துச் சீவிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “அய்யோ, நுனியெல்லாம் உடையுதே, இங்க குடுங்கப்பா” என்று கத்தியை வாங்கிக்கொண்டாள். அவளே வேகவைத்தாள். அம்மா போடுகிறமாதிரியே ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாள்.

“இப்ப என்கூட கீழ வா” என்றார் புர்கார்ட்.

மாடத்துக்கு முன்னால் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். எல்கே சாக்கட்டி எழுத்தை வாசித்தாள். தன் பெயரையும், அந்த வருஷத்தையும், கீழே வரிசையாகப் படுத்திருந்த பன்னிரண்டு தொப்பைப் பாட்டிலையும் பார்த்தாள்.

“இது என்னோடதா?”

“உன்னோடதுதான். எங்கப்பா வெச்ச இடத்துலயே வெச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, இப்படியே இருக்கட்டும்ப்பா. நான் பார்த்துட்டேன், போதும். திறக்கவேண்டாம்” என்றாள். ஏழு வருஷமாக ஒயின் பண்ணிக்கொண்டிருப்பவள். பாட்டிலுக்குள் என்ன இருக்கும் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது அவளுக்கு. புர்கார்ட் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

“ஏழு வருஷம் காத்திருந்துட்டுத் திறக்காம இருக்கறதா? நல்லாயிருக்கே கதை!” என்று இரண்டு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

வாசலில், கொத்துக்கு அடியில் நின்று தக்கையை எடுத்தார். ஊற்றினார். ஆறிப்போன டீ நிறத்தில் வந்தது. மூக்குக்குக் கொண்டுபோனார். வாடிய ஆப்பிள் தோல், நனைந்த அட்டைப்பெட்டி. வேறொன்றுமில்லை.

“தக்கை கெட்டுப்போச்சு” என்றார். அடுத்ததைத் திறந்தார். அதுவும் அப்படியே. படியிறங்கிப் போய் இன்னும் நாலு கொண்டுவந்தார். எல்கே தடுக்கவில்லை, அவளால் அவரைப் பார்க்கவும் முடியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, ரோஜாச் செடிக்கடியில் கொட்டினார். மறுபடியும் படியிறங்கினார். பதினொன்றும் போயிற்று.

“அந்த வருஷத்துக்குள்ள குடிக்கணும்னு நீ சொன்னே” என்றார்.

“சொன்னேன்ப்பா.”

“நான் உன்னைப் பாராட்டறதா நினைச்சேன் எல்கே. எடுத்து வெக்கறதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.” கையிலிருந்த காலி பாட்டிலைக் கீழே வைத்தார். “அது மட்டும் இல்ல. பொய் எதுக்கு? அன்னிக்கு முகர்ந்து பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. நாப்பது வருஷத்துல நான் அப்படி ஒண்ணு பண்ணல. பெருமையாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. குடிச்சிருந்தா எல்லார் முன்னாடியும் அதை ஒத்துக்கணுமே.”

எல்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்ப்பா” என்றாள். திட்டுகிறமாதிரி சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் சும்மா, நடந்ததைச் சொல்கிறமாதிரி சொன்னாள்.

“நீங்க எடுத்து வெச்சது அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும். கடைசியில ஒண்ணு திறக்கச் சொன்னா.”

“திறந்தீங்களா?”

புர்கார்ட் தலையைக் குனிந்துகொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. பிறகு, “போன வருஷம் அது நல்லா இருந்திருக்குமா?” என்று கேட்டார்.

“தெரியலப்பா” என்றாள் எல்கே, ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு. பொய் சொல்லத் தெரியாத பெண்.

பன்னிரண்டாவதை அவர் முகர்ந்து பார்க்கவில்லை. கிளாஸ் நிறைய ஊற்றினார். கோட்டுப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டு, கொத்துக்கு நேர் கீழே போய் நிமிர்ந்து நின்றார்.

“வேண்டாம்ப்பா, அதைக் குடிக்காதீங்க.”

குடித்தார். ஒரு சொட்டு விடாமல், முகத்தைச் சுளிக்காமல், நின்றபடி குடித்து முடித்தார். கிளாஸை இறக்கிவிட்டு மகளைப் பார்த்தார். சொல்லவேண்டிய இரண்டு சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் அது உண்மையாக இருந்தது, ஒரு பைசா செலவில்லாமல் சொல்லியிருக்கலாம். இப்போது வாய்க்குள் இருக்கிற ருசிக்கு அதைச் சொன்னால் பொய். ஒயின் விஷயத்தில் அந்த மனிதர் ஆயுசில் பொய் சொன்னதில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“சொல்லாதீங்கப்பா” என்றாள் எல்கே. பக்கத்தில் வந்து கிளாஸை வாங்கிக்கொண்டாள். “வாங்க, சாப்பிடலாம். ஆறிப்போகுது.”

பூப்போட்ட தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். குடிக்க வெறும் தண்ணீர். அடுத்த நாள் அவள் ஊருக்குப் போனாள். அவளுக்கு அங்கே கணவன் இருக்கிறான், தோட்டம் இருக்கிறது, தொட்டிகள் இருக்கின்றன. திரும்பி வா என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கில்லை என்று ஓட்மாரிடம் சொன்னாராம்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் நாஹேயிலிருந்து ஒரு பெட்டி வரும். அந்த வருஷத்து ஒயின். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் புர்கார்ட் ஒன்றைத் திறந்துவிடுவார். குளிரவைக்கக்கூடப் பொறுமையில்லை. ஆஸ்பராகஸ் வந்திருந்தால் ஆஸ்பராகஸ், இல்லையென்றால் ரொட்டியும் வெண்ணெயும். ஓட்மாரைக் கூப்பிட்டு இன்னொரு கிளாஸை நீட்டுவார். “ஏழு வருஷம் ஆகலையே?” என்று அவன் முதல் தடவை கேட்டுவிட்டான், அவர் முகத்தைப் பார்த்தபிறகு மறுபடி கேட்டதில்லை. ஒரு வாரத்தில் பெட்டி காலி. மாடத்தில் எதையும் வைப்பதில்லை. சாக்கட்டி எழுத்து மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது.

முதல் பெட்டி வந்த அன்று, வாசலில் நின்று குடித்துவிட்டு, அப்படியே போய் மகளுக்குப் போன் பண்ணினார். இந்தத் தடவை உண்மை. பச்சை ஆப்பிள் இருந்தது, அந்த ஊர்க் கல்லின் வாசனைகூட இருந்தது. நம் ஊர்க் கல் இல்லை, ஆனாலும் கல்தான்.

“எல்கே, குடிச்சேன். சரியா இருக்கு.”

அந்தப் பக்கம் தொட்டி முனகுகிற சத்தமும், யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது.

“தெரியும்ப்பா” என்றாள். குத்திக்காட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். “இங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றாள். புர்கார்ட் போனை வைத்துவிட்டு, கையில் கிளாஸோடு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.